இலையில் ஒன்று, தோலில் ஒன்று

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் நெடுஞ்சாலையில், அருவிகளின் முழக்கத்திற்கிடையே அமைந்தது இறம்பொடை. இன்று தேயிலை போர்த்து நிற்கும் அதன் மலைச்சரிவுகளில் ஒரு காலத்தில் கோப்பியே செழித்திருந்தது. 1869ஆம் ஆண்டில் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் அக்கோப்பியை மாய்த்தது. நோயை ஆராய 1880இல் வந்த மார்ஷல் வார்டு என்னும் அறிஞர், பங்கசின் நுண்வித்துகள் இலையின் அடிப்புறத் துளைகள் வழியே உட்புகுவதை விளக்கிக் காட்டினார். வெறுங்கண்ணுக்குப் புலப்படாத ஓர் உயிர் ஒரு நாட்டின் வாழ்வையே மாற்றவல்லது என்பதை மலைநாடு பட்டறிந்தது.

அதே நூற்றாண்டில் மனிதத் தோலிலும் பங்கசு தேடப்பட்டது. தேமலில் ஒருவகைப் பங்கசு உண்டென்று 1846இல் ஜெர்மானிய மருத்துவர் ஐக்ஸ்டெட் கண்டார். தலைப்பொடுகில் மதுவம் போன்ற உயிர் இருப்பதை 1874இல் பிரெஞ்சு அறிஞர் மலாசே விவரித்தார். அவர் பெயரால் 1889இல் அதற்கு மலாசீசியா என்னும் பெயர் சூட்டப்பட்டது.

இலங்கைக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1903இல் கொழும்புக்கு வந்த இத்தாலிய மருத்துவர் அல்டோ கஸ்தெல்லானி, பறங்கி நோயின் கிருமியை 1905இல் கண்டதோடு, வெப்பநாட்டுத் தோல் பங்கசுகளையும் ஆராய்ந்தார். முகத்திலும் கழுத்திலும் மஞ்சள் நிறமாய்ப் படரும் தேமலை அவர் தனியொரு பங்கசின் விளைவென்று எண்ணினார். அதுவும் பழைய மலாசீசியாவே என்பது பின்னாளில் தெளிவாயிற்று. அமெரிக்க அறிஞர் ரோடா பென்ஹாம், இம்மதுவம் வளரக் கொழுப்பு வேண்டுமென்று 1939இல் நிறுவினார். கொழுப்பமிலத்தைத் தானே ஆக்கும் மரபணு அதற்கில்லை என்பது 2007இல் புலனாயிற்று. எண்ணெய் சுரக்கும் தலையையும் முகத்தையும் மார்பையும் அது விரும்புவது இதனாலேயே.

இனி, எக்ஸிமா எனப்படும் கரப்பானுக்கு இதுதான் காரணமோ? முகத்திலும் கழுத்திலும் கரப்பான் கண்ட வயதுவந்தோர் பலரது குருதியில், இம்மதுவத்துக்கு எதிரான ஒவ்வாமைப் பொருள் காணப்படுகிறது. நலமுள்ளோரிடம் அது அரிது. ஆயினும் மதுவமோ இருசாரார் தோலிலும் வாழ்கிறது! வேறுபாடு மதுவத்தில் மட்டுமன்று. தோலாகிய மதிலிலும் உள்ளது. மதில் சிதைந்தவிடத்து மதுவத்தின் புரதங்கள் உட்புக, உடலின் காவற்படை சினந்தெழுகிறது. அப்புரதங்களுள் ஒன்று மனித உடலின் புரதத்தை ஒத்திருப்பதால், அச்சினம் தன் உடலின்மீதே திரும்பவுங் கூடும். பங்கசுக்கொல்லி மருந்து சிலருக்குப் பயன்தருவதும், பலருக்குத் தராதிருப்பதும் இதற்கு இசைந்தனவே.

கோப்பியை அழித்தது வெளியிலிருந்து வந்த பகை. தோல் மதுவமோ குழந்தைப் பருவம் முதலே உடன் வாழும் குடி. இவ்வேறுபாட்டை உணராதார், முழங்கை மடிப்பில் கரப்பான் கண்ட பிள்ளையை அழுக்கன் என்று ஒதுக்குவர்; தொற்றிவிடும் என்றஞ்சி வகுப்பில் தனியே இருத்துவர். கரப்பான் தொற்றுநோயன்று, அழுக்கின் அடையாளமும் அன்று. கடுஞ்சவர்க்காரமிட்டுத் தேய்த்தால் சிதைந்த மதில் மேலுஞ் சிதையும். ஈரங் காக்கும் களிம்பும் மருத்துவரின் அறிவுரையும் அப்பிள்ளைக்கு வேண்டுவன. அவற்றினும் முதலில் வேண்டுவது, ஏனைய பிள்ளைகளோடு ஒரே வாங்கில் ஓர் இடம்.