அடிரொண்டாக் ஏரிகளில் படகுவழி மான்வேட்டை

அமெரிக்காவின் நியூயார்க் மாநில வடபகுதியில் ஏறத்தாழ 24,000 சதுர கிலோமீட்டருக்கு மலையும் காடும் ஏரியுமாகப் பரந்து கிடப்பது அடிரொண்டாக் பூங்கா. அங்கே வெண்வால் மானை வேட்டையாடப் படகில் போகும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. இதை அறுபடாத ஒரே மரபு என்று போற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. அன்று படகும் தண்ணீரும் மானைக் கொல்லும் கருவிகள். இன்று படகு வெறும் வாகனம்.

பழைய முறைகள் இரண்டு. நாய்கள் துரத்தும்போது மோப்பத்தை அறுக்க மான் ஏரியில் இறங்கும். நீந்தும் மானைவிடத் துடுப்புப் படகு வேகமானது என்பதால், காத்திருந்தவர் நெருங்கிப்போய்ச் சுட்டார், அல்லது தடியால் அடித்தார். மற்றது இரவு வேட்டை. கோடையில் நீர்ச்செடி மேயக் கரைக்கு வரும் மான் படகு முகப்பின் விளக்கொளியில் கண்கூசித் திகைத்து நிற்கும். வழிகாட்டி ஓசையின்றித் துடுப்புப் போட, முன்னால் இருப்பவர் சுடுவார். 1869இல் வில்லியம் மர்ரே எழுதிய பயணநூல் நகரத்து மக்களை இக்காட்டுக்குத் திரளாக இழுத்தபின், துப்பாக்கி பழகாதவருக்கும் மான் கிடைக்கச் செய்தவை இவையே. வின்ஸ்லோ ஹோமர் 1892இல் வரைந்த 'வேட்டைநாயும் வேடனும்' ஓவியத்தைக் கண்ட சிலர், படகிலிருக்கும் சிறுவன் உயிருள்ள மானை நீரில் அமுக்குவதாக எண்ணினர். மான் ஏற்கெனவே செத்துவிட்டது என்று ஓவியரே விளக்க நேர்ந்தது. அந்த முறை அப்போதே பலருக்கு உறுத்தியதை இது காட்டுகிறது.

1890களின் இறுதியில் மாநிலச் சட்டம் இவ்விரண்டையும் தடுத்தது. மான் குறைந்ததற்கு இரயிலும் விடுதிகளின் இறைச்சித் தேவையும் மரவெட்டும்தானே காரணம், படகைப் பழிப்பானேன் என்று கேட்கலாம். அவை வேட்டைக்காரரையும் தேவையையும் பெருக்கின என்பது மெய்யே. ஆனால் வந்தவர் எத்தனை பேரானாலும், ஒவ்வொருவரும் எத்தனை எளிதாகக் கொல்கிறார் என்பதைத் தீர்மானித்தது முறைதான். கடிவாளமும் அங்கேதான் விழ வேண்டியிருந்தது. அதே விளக்கு முறையை வட அமெரிக்கப் பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்களின் வேட்டையிலிருந்து அறிந்த ஜார்ஜ் ஷைராஸ், மிச்சிகன் மாநில ஏரிக்கரைகளில் துப்பாக்கிக்குப் பதில் ஒளிப்படக் கருவியை ஏந்தினார். அப்படங்கள் 1906இல் நேஷனல் ஜியோகிராபிக் இதழில் வந்து புகழ்பெற்றன.

படகு இருந்தாலே வேடனுக்குச் சலுகைதானே என்ற ஆட்சேபம் இன்றும் எழுகிறது. நியூயார்க்கில் தண்ணீருக்குள் நிற்கும் மானை வேட்டையாடக் கூடாது, நாயும் கூடாது. இப்பகுதியில் வழக்கமான துப்பாக்கிப் பருவமோ அக்டோபர் கடைசியில்தான் தொடங்குகிறது. அதற்குள் நீர்ச்செடிகள் வாடிவிடும், இணைசேரும் கலைமான்கள் மேடுகளில் அலையும். ஆகவே மோட்டாருக்கு அனுமதியில்லாத செயின்ட் ரீஜிஸ் போன்ற ஏரித்தொகுதிகளில், ஏரிக்கு ஏரி படகைத் தோளில் சுமந்து போகிறவர் கரையேறிய பிறகு நடந்துதான் தேட வேண்டும். முதிர்ந்த காட்டில் மானுக்கு எட்டும் தழை குறைவு, பனியும் ஆழம், மானும் அரிது. சாலைக்கு எட்டாத இடத்தில் வேட்டை நெருக்கடி குறைவதால் முதிர்ந்த கலைமான் கிடைக்கலாம் என்பதே ஈர்ப்பு. கிடைத்தாலும் பாரம் ஏறிய படகின் விளிம்பு நீர்மட்டத்தை நெருங்கும். உறைநிலைக்கு அருகான அந்தத் தண்ணீரில் கவிழ்ந்தால் சில நிமிடங்களிலேயே கைகால்கள் செயலிழக்கத் தொடங்கும். நவம்பர் முற்றினால் ஏரியே உறைந்து திரும்பும் வழி அடைபடவும் கூடும்.