ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியில் நுண்கணிதப் படிப்பு

வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும் பொறியியல், இயற்பியல் பட்டப்படிப்புகளின் அடிப்படைப் பாடங்களாகும். அமெரிக்கக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர் தம் நிலைக்கேற்ப இயற்கணிதத்திலிருந்தோ முக்கோணவியலிலிருந்தோ தொடங்கி நுண்கணிதத்துக்குச் செல்லலாம். தமிழ்நாட்டில் அந்தத் தேர்வு பெரும்பாலும் பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையிலேயே நடந்துவிடுகிறது. தொழிற்சாலைகளும் மாநில எல்லையும் அருகருகே அமைந்த ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இதன் விளைவுகள் தெளிவாகத் தெரிகின்றன.

புகுமுக வகுப்பிலிருந்து மேல்நிலைக்கு

முன்பு பள்ளியிறுதி வகுப்புக்குப் பிறகு கல்லூரியில் இரண்டாண்டு இண்டர்மீடியட் இருந்தது. பின்னர் அது ஓராண்டுப் புகுமுக வகுப்பாக (பி.யு.சி.) மாறியது. மேற்படிப்புக் கணிதம் வேண்டுமென்றால் கல்லூரி உள்ள ஊருக்குப் போக வேண்டும். கிராமப்புறக் குடும்பங்களுக்கு அது விடுதிச் செலவையும் குறித்தது.

1978இல் தமிழ்நாடு மேல்நிலைக் கல்வி முறைக்கு மாறியது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980இல் நடைபெற்றது. நுண்கணிதம் கல்லூரியிலிருந்து பள்ளிக்கு வந்தது. ஆனால் அதனுடன் ‘குரூப்’ என்ற பிரிப்பும் வந்தது. முதல் குரூப் எடுத்தவருக்குக் கணிதம் உண்டு. தாவரவியல், விலங்கியல் கொண்ட தூய அறிவியல் பிரிவில் அது இல்லை. அருகிலுள்ள பள்ளியில் எந்தப் பிரிவு இருந்ததோ அதுவே மாணவரின் பிரிவாயிற்று. விருப்பம், திறமை என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

வணிகவியல் பிரிவில் வணிகக் கணிதம் எடுப்பவர்களும் வகையிடலையும் தொகையிடலையும் படிக்கிறார்கள். இறுதிநிலைச் செலவு, நுகர்வோர் உபரி ஆகியவற்றைக் கணக்கிட அவை பயன்படுகின்றன. இந்த வழி பலருக்குத் தெரிவதில்லை.

தொழிற்சாலை வழி

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின், 1980களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆகிய நிறுவனங்களின் ஆலைகள் இயங்கத் தொடங்கின. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முடித்தவர்களுக்கு இங்கே வேலை கிடைத்தது. பத்தாம் வகுப்போடு நேரே பாலிடெக்னிக் சேரும் மாணவர், பிளஸ் டூ படிக்காமலேயே டிப்ளமோவின் பொறியியல் கணிதத்தில் நுண்கணிதத்தைச் சந்திக்கிறார். ஐ.டி.ஐ. மாணவருக்கு உள்ளது பணிமனைக் கணக்கு மட்டுமே: அளவு, பரப்பு, எடை, வேகம்.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஓராண்டு மிச்சமாகிறது. ஆனால் விடுபடுவது அடிப்படைக் கணிதம் நடத்தப்படும் அந்த முதலாண்டுதான். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் பொறியியல் பிரிவுகள் பலவற்றின் மூன்றாம் பருவத்தில் ஃபூரியே தொடர், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் இடம்பெற்று வந்துள்ளன. இயந்திரத்தை நன்கறிந்த மாணவர் தொகையிடலில் தடுமாறி ‘அரியர்’ வைப்பது திறமைக் குறைவினால் என்று சொல்வது நியாயமன்று. ஏணியில் ஒரு படி எடுக்கப்பட்டிருக்கிறது.

எல்லையின் இருபுறமும்

கர்நாடகம் பி.யு.சி. என்ற பெயரைக் கைவிடவில்லை. அங்கே 11, 12ஆம் வகுப்புகள் இன்றும் ஈராண்டு பி.யு.சி. ஆகவே உள்ளன. ஓசூர் மாணவருக்கு அத்திப்பள்ளி கூப்பிடு தூரம். ஆனால் எல்லையைத் தாண்டிப் படிப்பது சேர்க்கை விதிகளையும் மாற்றுகிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில், எட்டாம் வகுப்பு முதல் இங்கேயே படிக்காதவர் பிறப்பிடச் சான்றிதழ் காட்ட வேண்டும். 1984இல் தொடங்கிய தமிழ்நாட்டு நுழைவுத்தேர்வு 2007 சேர்க்கையிலிருந்து நீக்கப்பட்டது. அதன்பின் பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. 200 கட்-ஆஃபில் கணிதத்துக்கு மட்டும் 100. கர்நாடகத்திலோ பொது நுழைவுத்தேர்வு தொடர்கிறது.

2021 சர்ச்சை

2021இல் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு, பொறியியலில் சேரப் பட்டியலிட்ட 14 பாடங்களில் ஏதேனும் மூன்று போதும் என்று அறிவித்தது. கணிதம் இல்லாமல் பொறியியலா என்ற எதிர்ப்பு எழுந்தது. பல பிரிவுகளுக்குக் கணிதம் இன்றியமையாததே என்று குழு பின்னர் விளக்கமளித்தது. கணிதம் படிக்காமல் வருவோருக்குப் பல்கலைக்கழகங்கள் இணைப்புப் பாடங்கள் நடத்த வேண்டும் என்பதும் அந்த விதியில் இருந்தது. சர்ச்சையில் அதிகம் பேசப்படாத பகுதி அது. நேரடி இரண்டாம் ஆண்டில் சேரும் டிப்ளமோ மாணவருக்கு அதற்கு வெகு முன்பிருந்தே தேவைப்பட்டதும் அதுதான்.