தெற்கு நோக்கிப் போகும் படகுகள்



வட கரோலினாவில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார். இரு கரையிலும் அடர்ந்த மரங்கள். நடுவே பால் விடாத டீ நிறத்தில் ஒரு நேரான வாய்க்கால். அதில் ஒரு பாய்மரப் படகு, தலை நரைத்த கணவனும் மனைவியும். "சார், குளிர்காலம் நெருங்கினால் இப்படி ஜோடி ஜோடியாகத் தெற்கே போகிறார்கள். பக்கத்திலேயே பெருங்கடல் இருக்கும்போது ஏன் இந்த வாய்க்காலில் போகிறார்கள்? இதை வெட்டியது யார்?" என்று கேட்டிருந்தார்.

இரண்டும் நல்ல கேள்விகள். முதல் கேள்விக்குப் பூகோளம் பதில் சொல்லும். இரண்டாவதற்கு வரலாறுதான் பதில் சொல்ல வேண்டும். பதில் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவின் கிழக்குக் கரை வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே பாஸ்டன், நியூயார்க். தெற்கே ஃபுளோரிடா. வடக்கில் பனி விழத் தொடங்கும்போது, ஓய்வுபெற்ற பலர் தங்கள் படகிலேயே குடியிருந்து தெற்கே கிளம்புகிறார்கள். 'பனிப்பறவைகள்' என்று அவர்களை அங்கே செல்லமாகச் சொல்வார்கள். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகவே செசபீக் விரிகுடாவில் காத்திருந்து, புயலின் வேகம் தணியும் அக்டோபர் கடைசியில்தான் பெரும்பாலோர் புறப்படுவார்கள்.

வெளிக்கடலில் போனால் வட கரோலினாவின் ஹாட்டரஸ் முனையைச் சுற்ற வேண்டும். அங்கே கல்ஃப் ஸ்ட்ரீம் என்னும் வெப்ப நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே பாய்கிறது. அதற்கு எதிராக வடகாற்று வீசினால் அலைகள் சுவர்போல் எழும்பும். அங்கே மூழ்கிய கப்பல்கள் ஏராளம். அதனால் அந்தக் கடற்பகுதிக்கே 'அட்லாண்டிக்கின் இடுகாடு' என்று பெயர். 1942இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை வேட்டையாடியதும் இந்தக் கடலில்தான்.

இதற்கு மாற்றாக இருப்பதுதான் கரையோர உள்நாட்டு நீர்வழி. வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரத்தில் 0 மைல். அங்கிருந்து மயாமி வரை சுமார் 1,090 மைல், அதாவது ஏறத்தாழ 1,750 கிலோமீட்டர். ஆறு, கழி, காயல், இடையிடையே வெட்டிய வாய்க்கால் என்று எல்லாவற்றையும் கோத்த வழி. கடற்கரைக்கு இணையாக ஓடும் நம் பக்கிங்ஹாம் கால்வாயைப் பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பு உடனே புரியும். வழியில் உள்ள உயரமான நிலைப்பாலங்கள் நீர்மட்டத்திலிருந்து 65 அடி இருக்க வேண்டும் என்பது விதி. மயாமியில் ஒரு பாலம் மட்டும் 56 அடிதான். எனவே படகு வாங்கும்போதே பாய்மரத்தின் உயரத்தை அளந்து பார்த்துத்தான் வாங்குவார்கள். பெயர்தான் பாய்மரப் படகு, இந்த வழியில் பாதி நேரத்துக்கு மேல் இன்ஜின்தான் ஓடும். ஒரு நாளைக்கு 50 மைல் என்று வைத்தால் 22 நாளில் மயாமி போய்விடலாம். ஆனால் காற்று, மழை, திறந்து மூடும் பாலங்கள், சேற்றில் தட்டி நின்று ஓதம் ஏறக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்து ஒன்றிரண்டு மாதம் ஆகிவிடும்.

இனி இரண்டாவது கேள்வி. தெற்கே போகும் ஒரு ஜோடியின் படகிலேயே நாமும் ஏறிக்கொள்வோம்.

நார்ஃபோக்கைத் தாண்டியதும் வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று 1859இல் திறக்கப்பட்ட ஆல்பமார்ல்–செசபீக் கால்வாய். மற்றொன்று டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய். நம் மாணவர் அனுப்பிய படம் இந்த இரண்டாவதைத்தான் காட்டுகிறது. 'டிஸ்மல்' என்றால் இருண்ட, துயரமான என்று பொருள். 22 மைல் நீளம். இரு முனையிலும் கதவு வைத்த பெரிய தொட்டிபோன்ற 'லாக்' உண்டு. படகு உள்ளே போனதும் கதவை மூடித் தண்ணீர் விட்டு, சுமார் 8 அடி மேலே தூக்கி வாய்க்காலில் விடுவார்கள். மறுமுனையில் அதேபோல் இறக்குவார்கள். சைப்ரஸ் போன்ற மரங்களின் இலையும் பட்டையும் ஊறுவதால்தான் தண்ணீருக்கு அந்த டீ நிறம்.

1763இல் ஜார்ஜ் வாஷிங்டன் இந்தச் சதுப்புக்கு வந்து பார்த்தார். பிற்காலத்தில் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரான அதே வாஷிங்டன்தான். சதுப்பை வடித்து விளைநிலமாக்கவும் மரம் வெட்டவும் கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கினார். கூட்டாளிகள் முதலோடு சேர்த்து அடிமைகளையும் அனுப்பினார்கள். கால்வாய் வேறொரு நிறுவனத்தின் வேலை. 1793இல் தொடங்கி 1805இல் படகுப் போக்குவரத்துக்குத் திறந்தார்கள். 12 ஆண்டுகள் மண்வெட்டியாலும் கோடாரியாலும் வெட்டியவர்கள் பெரும்பாலும் எசமானர்களிடமிருந்து கூலிக்கு எடுக்கப்பட்ட கறுப்பின அடிமைகள். கூலி எசமானுக்குப் போகும், வேலை இவர்களுக்கு.

அந்த வேலை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. அவர் பெயர் மோசஸ் கிராண்டி. சுமார் 1786இல் வட கரோலினாவின் கேம்டன் வட்டாரத்தில் அடிமையாகப் பிறந்தவர். அவர் தம் வாழ்க்கையைச் சொல்ல, அது 1843இல் லண்டனில் நூலாக வந்தது. இடுப்பளவு சேற்றிலும் அதற்கு மேலும் நின்று வேர்களை வெட்டிச் சேற்றை அள்ளியதையும், தலை தண்ணீருக்கு மேலே இருக்கும்வரை வேலை நிற்காது என்பதையும், கங்காணியின் சவுக்கடியையும் அதில் சொல்லியிருக்கிறார்.

கிராண்டி இதே கால்வாயில் சரக்குப் படகுகளின் தலைவராக வேலை செய்தார். படகு ஓட்டுவதில் கெட்டிக்காரர். சம்பாதித்ததில் ஒரு பங்கை எசமானுக்குக் கொடுத்துவிட்டு, மீதியைச் சேர்த்து வைத்துத் தம்மைத் தாமே விலைக்கு வாங்க முயன்றார். முதல் எசமான் சின்ன வயதில் கூடவே விளையாடியவர். 600 டாலரை வாங்கிக்கொண்டு கிராண்டியை வேறொருவருக்கு விற்றுவிட்டார். இரண்டாமவரும் 600 டாலர் வாங்கிக்கொண்டார். ஆனால் அவர் கிராண்டியை ஏற்கெனவே அடமானம் வைத்திருந்ததால், கடன்காரர் பிடித்துக்கொண்டார். மூன்றாவது முறை ஒரு நல்ல மனிதர் 650 டாலர் கொடுத்து மீட்டார். அந்தப் பணத்தையும் கிராண்டி உழைத்துத் திருப்பிக் கொடுத்தார். ஒரே மனிதன், மூன்று முறை விலை, மொத்தம் 1,850 டாலர்.

அவருக்கும் ஒரு மனைவி இருந்தாள். திருமணமாகி ஏறத்தாழ எட்டு மாதம். ஒரு நாள் அடிமைகளை விற்பதற்கு ஓட்டிச் செல்லும் கூட்டம் ஒன்று அவரைக் கடந்து போனது. அதில் அவர் மனைவியும் இருந்தாள். எட்ட நின்று இரண்டு வார்த்தை பேச மட்டுமே விட்டார்கள். அதன்பின் அவளை அவர் பார்க்கவே இல்லை.

அந்தச் சதுப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. தப்பியோடிய அடிமைகள் பலர் துரத்தி வருவோர் நுழைய முடியாத உட்பகுதிக்குப் போய், மேட்டுத் திடல்களில் குடிசை போட்டுத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். அடிமைகளைக் கொன்ற அதே சேறு சிலருக்கு அடைக்கலமும் கொடுத்தது.

கால்வாயை விட்டு வெளியே வந்தால் எலிசபெத் சிட்டி. இங்கே வரும் படகுக்காரர்களுக்கு இலவசமாகக் கட்டுத்துறை தருவார்கள். பெண்களுக்கு ரோஜாப்பூ கொடுத்து வரவேற்கும் வழக்கம் 1983 முதல் உண்டு. அன்பான ஊர்தான். கிராண்டி சரக்கு ஏற்றி இறக்கியதும் இதே ஊரில்தான் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

தென் கரோலினாவில் நுழைந்தால் வக்காமா ஆறு. இரு கரையிலும் சதுரம் சதுரமாகப் புல் மண்டிய சதுப்புகள் தெரியும். அவை பழைய நெல் வயல்கள். அமெரிக்காவில் நெல்லா என்று கேட்காதீர்கள். உள்நாட்டுப் போருக்கு முன்பு இந்த வட்டாரத்துப் பண்ணையார்கள் நெல்லால்தான் பெரும் பணக்காரர்களானார்கள். கடலில் ஓதம் ஏறும்போது ஆற்றின் நன்னீர் பின்னால் தள்ளப்பட்டு உயரும். அப்போது மதகைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுவார்கள். ஓதம் இறங்கும்போது வடிப்பார்கள். வரப்பு போட்டதும் மதகு வைத்ததும் நாற்றங்கால் முதல் அறுவடை வரை உழைத்ததும் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் நெல் பயிரிட்டுப் பழகியவர்கள் அவர்களில் பலர். உடலுழைப்போடு அவர்களுடைய விவசாய அறிவும் கொள்ளை போனது.

அடுத்து சார்ல்ஸ்டன். துறைமுகத்துக்குள் நுழையுமுன் நீர்வழி சல்லிவன்ஸ் தீவின் பின்புறமாகப் போகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அடிமைக் கப்பல்களில் இருந்தவர்களை நோய்க்காகத் தனித்து வைத்த தீவு அது. துறைமுக வாயிலில் சம்டர் கோட்டை தெரியும். 1861 ஏப்ரல் 12 அன்று உள்நாட்டுப் போரின் முதல் குண்டு அதன்மீதுதான் விழுந்தது. இங்கே படகை நிறுத்தி, இன்னும் இரண்டு தம்பதிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்களில் முதல் ஜோடி போன திசை எதிர்த்திசை.

முதல் ஜோடி வில்லியம் கிராஃப்ட், எலன் கிராஃப்ட். ஜார்ஜியாவின் மேக்கன் ஊரைச் சேர்ந்த அடிமைகள். எலனின் தந்தை அவளுடைய எசமானே. அதனால் அவள் நிறம் வெளுப்பு. 11 வயதில் எசமானின் மகளுக்குக் கல்யாணச் சீராகக் கொடுக்கப்பட்டாள். தங்களுக்குக் குழந்தை பிறந்தால் அதையும் விற்றுவிடுவார்கள் என்ற பயம் இருவருக்கும். 1848 டிசம்பரில் எலன் தலைமுடியை வெட்டி, கால்சட்டை போட்டு, நோயாளியான வெள்ளைக்காரப் பண்ணையார்போல் வேடமிட்டாள். வில்லியம் அவளுக்குப் பணியாள். ரயிலில் சவானா, கப்பலில் சார்ல்ஸ்டன், மறுபடி கப்பலில் வில்மிங்டன், பிறகு ரயிலும் கப்பலும் மாறி மாறி வடக்கே போனார்கள்.

எலனுக்கு எழுதத் தெரியாது. அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது அங்கே சட்டப்படி குற்றம். பயணப் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்பார்களே, என்ன செய்வது? வலது கையில் கட்டுப் போட்டுக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டாள். சார்ல்ஸ்டனில் பயணச்சீட்டு வாங்கும்போது அதிகாரி கையெழுத்துக்கு அடம்பிடித்தார். உடன் வந்த பயணி ஒருவர் இவரைத் தெரியும் என்று சொல்ல, கப்பல் தலைவர் தாமே எழுதிக்கொண்டார். கிறிஸ்துமஸ் நாளன்று இருவரும் ஃபிலடெல்ஃபியா போய்ச் சேர்ந்தார்கள். தப்பியவர்களைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று 1850இல் சட்டம் வந்ததும் இங்கிலாந்துக்குப் போனார்கள். அங்கே ஒரு பள்ளியில் சேர்ந்து படித்தார்கள். அடிமைமுறை ஒழிந்தபின் ஜார்ஜியாவுக்கே திரும்பி, சவானாவுக்கு அருகே விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்தினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாததால் கையைக் கட்டிக்கொண்டவள், அதே மண்ணில் பள்ளி தொடங்கினாள். ஒரு பள்ளி ஆசிரியனாக எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இரண்டாவது ஜோடி ராபர்ட் ஸ்மால்ஸ், ஹன்னா. ராபர்ட் 'பிளான்டர்' என்ற நீராவிக் கப்பலில் சுக்கான் பிடித்த அடிமை. 1862 மே 13 விடியுமுன், வெள்ளை அதிகாரிகள் கரையில் தங்கியிருந்த நேரத்தில், சக அடிமைகளோடு கப்பலைக் கிளப்பினார். வேறொரு துறையில் காத்திருந்த ஹன்னாவையும் குழந்தைகளையும் மற்றவர்களின் குடும்பத்தாரையும் ஏற்றிக்கொண்டார். கப்பல் தலைவரின் வைக்கோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கோட்டையைக் கடக்கும்போது சரியான விசில் சைகை கொடுத்தார். பீரங்கி எட்டாத தூரம் போனதும் கொடியை இறக்கி, வெள்ளை விரிப்பை ஏற்றி, வடக்கத்தியக் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார். பிற்காலத்தில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார். நம் தம்பதியின் படகு அடுத்துத் தங்கும் தென் கரோலினாவின் பியூஃபர்ட் ஊரில், தம் பழைய எசமானின் வீட்டையே அவர் விலைக்கு வாங்கினார். (வட கரோலினாவிலும் இதே எழுத்துகளில் ஓர் ஊர் உண்டு. அதைப் 'போஃபர்ட்' என்று சொல்ல வேண்டும்.)

ஜார்ஜியாவின் கழிமுகங்களைக் கடந்து ஃபுளோரிடாவில் நுழைந்தால் செயின்ட் அகஸ்டின். 1565இல் ஸ்பானியர் நிறுவிய ஊர். நாம் வந்த வழியில் வடக்கே போனவர்களுக்குத்தான் விடுதலை கிடைத்தது என்று நினைத்திருப்பீர்கள். அதற்கும் முன்னால் தெற்கே போனவர்களுக்குக் கிடைத்தது. 1687இல் 8 ஆண்கள், 2 பெண்கள், ஒரு பால்குடிக் குழந்தை ஆகியோர் ஆங்கிலேயரின் கரோலினாவிலிருந்து ஒரு சிறு படகில் தப்பி, இந்தக் கரையோரமாகத் தெற்கே வந்து இங்கே கரையேறினார்கள். திருப்பிக் கொடு என்று ஆங்கிலேயர் கேட்டபோது ஸ்பானிய ஆளுநர் மறுத்துவிட்டார். கத்தோலிக்க மதத்தை ஏற்பவர்களுக்கு விடுதலை என்று 1693இல் ஸ்பெயின் அரசர் ஆணையிட்டார். 1738இல் ஊருக்கு வடக்கே மோசே கோட்டை என்ற பெயரில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கென்றே ஒரு குடியிருப்பு அமைந்தது. இன்றைய அமெரிக்க மண்ணில் அரசு அங்கீகாரத்தோடு அமைந்த முதல் சுதந்திரக் கறுப்பினக் குடியிருப்பு அது. ஸ்பெயின் இப்படிச் செய்ததில் ஆங்கிலேயரைப் பலவீனப்படுத்தும் கணக்கும் உண்டு. ஆனால் அந்தப் படகில் வந்த குழந்தையை மறுபடி யாரும் கரோலினாவுக்குக் கொண்டுபோக முடியவில்லை.

படத்தில் இருக்கும் தம்பதிமேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வாழ்நாள் முழுதும் உழைத்துவிட்டு, கணவனும் மனைவியும் ஒரே படகில், பிடித்த ஊரில் நங்கூரம் போட்டு, பிடிக்காவிட்டால் எடுத்துக்கொண்டு போகிறார்கள். மோசஸ் கிராண்டி 1,850 டாலர் கொடுத்தது இதற்குத்தான். நினைத்த இடத்துக்குப் போகலாம், கூட இருப்பவளை யாரும் இழுத்துக்கொண்டு போக மாட்டார்கள் என்ற நிம்மதிக்காக. அது எல்லோருக்கும் கிடைக்க வேண்டிய ஒன்று.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளே, டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய்க் கரையில் காரிலும் போகலாம், படகிலும் போகலாம் என்ற மாதிரி ஒரு வரவேற்பு மையம் இருக்கிறது. விடுமுறையில் குழந்தைகளை அழைத்துப் போங்கள். தண்ணீர் ஏன் இந்த நிறம் என்று கேட்பார்கள், அதைச் சொல்லுங்கள். யார் வெட்டியது என்று கேட்காவிட்டாலும் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

படித்தவர்கள் ஒரு வரி எழுதுங்கள். கேள்வி இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள், வகுப்பில் மணி அடிக்கப் போவதில்லை.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்