ரீட் பிரபுவும் 152ஆம் பிரிவும்

நம் நாட்டு அரசியலமைப்பின் வரலாற்றைப் பயிலும் மாணவர் தவறாமல் எதிர்கொள்ளும் பெயர் ரீட் பிரபு. 1890இல் ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் ரீட், வழக்கறிஞராகத் தொழில் தொடங்கி, பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஸ்காட்லாந்துக்கான அரசின் தலைமைச் சட்ட அலுவலராகவும் பணியாற்றினார். 1948 முதல் 1975 வரை பிரபுக்கள் சபையின் மேல்முறையீட்டு நீதிபதியாக விளங்கினார்.

1956இல் மலாயாவின் அரசியலமைப்பை வரையும் ஆணையத்துக்கு அவர் தலைமையேற்றார். பிரிட்டனின் ஐவர் ஜென்னிங்ஸ், ஆஸ்திரேலியாவின் வில்லியம் மெக்கெல், இந்தியாவின் நீதியரசர் மாலிக், பாகிஸ்தானின் நீதியரசர் அப்துல் ஹமீது ஆகியோர் மற்ற உறுப்பினர்கள். 1956 ஜூன் முதல் அக்டோபர் வரை ஆணையம் 118 முறை கூடியது. 131 மகஜர்களைப் பெற்றது. அதன் அறிக்கை 1957 பிப்ரவரியில் வெளிவந்தது.

மலாய் தேசிய மொழியாக வேண்டும் என்று பரிந்துரைத்த அவ்வறிக்கை, மற்றொன்றையும் கூறியது. மலாயோ ஆங்கிலமோ சரளமாகப் பேச இயலாத உறுப்பினர், பத்து ஆண்டுகளுக்குச் சட்டமன்றங்களில் சீன மொழியிலோ இந்திய மொழியிலோ பேசலாம் என்பதே அது. நீதியரசர் ஹமீது இதற்கு உடன்படவில்லை. பின்னர் நடந்த பேச்சுவார்த்தைகளில் இப்பரிந்துரை கைவிடப்பட்டது. மெர்டேக்கா நாளில் நடப்புக்கு வந்த அரசியலமைப்பில் அதற்கு இடமில்லை.

எனினும் 152ஆம் பிரிவில் ஒரு பாதுகாப்பு நிலைபெற்றது. அதிகாரப்பூர்வ நோக்கங்களுக்கு அன்றி வேறு எம்மொழியைப் பயன்படுத்துவதையும், எம்மொழியைக் கற்பதையும் கற்பிப்பதையும் எவரும் தடுக்கலாகாது என்பது அதன் சாரம். சட்டமன்றத்தில் தமிழுக்குக் கிட்டாத இடம், வகுப்பறையில் கிட்டியது எனலாம்.

அச்சொற்களின் எல்லை எது என்பதை நீதிமன்றங்களே முடிவு செய்ய வேண்டியிருந்தது. தமிழ், சீனப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தொடுக்கப்பட்ட வழக்கை 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை நிலைநிறுத்தியது. பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் காலைதோறும் தமிழ்ப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் கல்வி, ஒரு சொற்றொடருக்குத் தரப்பட்ட பொருளைச் சார்ந்திருந்தது.

இதை ரீட் நன்கறிந்தவர். நீதிபதிகள் சட்டத்தைக் கண்டெடுப்பவர்கள் மட்டுமே என்னும் பழங்கருத்தைக் கட்டுக்கதை என்று 1972இல் ஓர் உரையில் அவர் ஒதுக்கினார். 1963இல் ரிட்ஜ் எதிர் பால்ட்வின் வழக்கில், தன் தரப்பை எடுத்துரைக்க வாய்ப்பளிக்காமல் பிரைட்டன் நகரக் காவல்துறைத் தலைவரைப் பதவிநீக்கியது செல்லாது என்று பெரும்பான்மையோருடன் தீர்ப்பளித்தவர் அவர். தீர்ப்பளிக்குமுன் இருதரப்பையும் கேட்க வேண்டும் என்னும் நெறிக்கு அத்தீர்ப்பு புத்துயிர் ஊட்டியது.

தம் கருத்தைத் தெரிந்த மொழியில் சொல்ல ஒருவருக்கு வாய்ப்பு வேண்டும் என்ற 1957ஆம் ஆண்டுப் பரிந்துரையிலும் அந்நெறியின் சாயல் தென்படுகிறது. ஆகவே ஆசிரியர்கள் 152ஆம் பிரிவை மாணவர்க்குத் தேர்வுக்குரிய மனப்பாடமாக மட்டும் தராமல், அதில் இடம்பெற்றதையும் இடம்பெறாமற் போனதையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். உரிமையின் அளவை அறிந்தவரே அதைக் காக்க வல்லவர்.