ஏழு திங்கள் பள்ளியும் ஒரு கல்லூரியும்

தாம் கற்ற நெறியிலேயே பிறர்க்கும் கற்பித்தல் ஆசிரியர்க்கு இயல்பு. செவிவழிக் கற்றவர் சொல்லிக் கொடுப்பர். எழுதிக் கற்றவர் எழுதச் சொல்வர். இவ்வியல்பு எத்துணைத் தூரம் நன்மை செய்யும், எவ்விடத்தில் ஆசிரியர் அதனைக் கடக்க வேண்டும் என்பதை அறியச் செட்டிநாட்டுப் புலவர் இருவரின் வரலாறு துணை செய்யும்.

பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் 1881இல் மகிபாலன்பட்டியில் பிறந்தார். கணியன் பூங்குன்றனாரின் ஊர் இதுவே என்று கருதுவர். இளமையில் நோயுற்றுக் கால் வலுவிழந்தது. திண்ணைப் பள்ளியில் அவர் பயின்ற காலம் ஏழு திங்களே. சிறு வயதில் வணிகத்தின்பொருட்டு இலங்கைக்கும் சென்று திரும்பினார். பிறகு துறைக்கு ஓர் ஆசிரியரைத் தாமே தேடிக்கொண்டார். தமிழிலக்கணத்துக்கு அரசஞ்சண்முகனார், வடமொழிக்குத் தருவை நாராயண சாஸ்திரியார், சைவ சித்தாந்தத்துக்குக் காரைக்குடிச் சொக்கலிங்கையா. எந்தப் பாடத்திட்டமும் இம்மூன்றையும் இவ்வாறு ஒருவர்க்குச் சேர்த்துத் தந்திராது.

அவர் எழுதிய உரையில் இந்தத் தேட்டத்தின் சுவடு தெளிவாகப் புலப்படுகிறது. திருவாசகப் பகுதிகளுக்கு அவர் கண்ட கதிர்மணி விளக்கத்தில் இலக்கணம், சித்தாந்தம், வடநூற் பொருள் ஆகிய மூன்றும் ஒரு சொல்லின்மேல் வந்து கூடும். மூன்று ஆசிரியரும் ஓர் உரையில் அமர்ந்திருக்கின்றனர் எனலாம். சூத்திரகரின் வடமொழி நாடகத்தை மண்ணியற் சிறுதேர் என்றும், கௌடிலியரின் அர்த்தசாத்திரத்தைப் பொருணூல் என்றும் தமிழாக்கியதும் கற்பித்தலே. தாம் முயன்று திறந்த கதவைப் பிறர்க்கும் திறந்து வைத்தார்.

எனினும் தாமாகக் கற்றவரிடம் ஒரு குறை எளிதில் புகும். நான் பள்ளியின்றிக் கற்றேனே, இவனுக்கு மட்டும் பள்ளி எதற்கு என்று அவர் எண்ணக்கூடும். தம் நினைவாற்றலை மாணவரிடமும் எதிர்பார்த்து, அது இல்லாதவனை மந்தன் என ஒதுக்குவோரும் உண்டு. பண்டிதமணி அவ்வழிச் செல்லவில்லை. 1909இல் வ. பழனியப்பச் செட்டியாருடன் சேர்ந்து மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை தோன்றக் காரணராயினார். அச்சபையின் வழியே கணேசர் செந்தமிழ்க் கல்லூரி வளர்ந்தது. 1934 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கினார். கல்லூரி வாயிலை மிதியாதவர் கல்லூரியை ஆக்கினார். தமக்குக் கிட்டாததன் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் மாணவர் வ.சுப. மாணிக்கம் 1917இல் மேலைச்சிவபுரியில் பிறந்தவர். பெற்றோரை இழந்து, நகரத்தார் வழக்கப்படி பருமாவுக்குப் பெட்டியடிப் பையனாகச் சென்றார். முதலாளி இல்லை என்று பொய் சொல்ல மறுத்து ஊர் திரும்பிய கதையைச் செட்டிநாடு நன்கறியும். பண்டிதமணியிடம் தமிழ் கற்ற அவர், அண்ணாமலையில் சேர்ந்து வித்துவான் தேறினார். ஆசிரியர் பட்டமின்றிக் கற்றார். மாணவர் பட்டந்தோறும் கற்று, 1957இல் முனைவரும் ஆயினார். இருவர் வழியும் வேறு.

மாணவரின் எழுத்து ஆசிரியரின் எழுத்தைப் போன்றதன்று. தமிழ்க் காதலில் சங்கப் பாடல் 2381, அவற்றுள் அகம் 1862 என்று கணக்கிட்ட பின்னரே அவர் கொள்கை பேசுவார். பெட்டியடியில் ஐந்தொகை பார்த்துப் பழகிய கண் அது என்று கருத இடமுண்டு. பண்டிதமணி ஒரு சொல்லில் ஆழ்வார். மாணிக்கனார் தொகை முழுவதையும் எண்ணுவார். தம் படியாக ஒரு மாணவனை வார்க்காத ஆசிரியர்க்கே இவ்வேறுபாடு பெருமை சேர்க்கும்.

மாணிக்கனார் 1948இல் காரைக்குடி அழகப்பா கல்லூரிக்கு வந்து தமிழ்ப் பேராசிரியராகவும், பின்னர் முதல்வராகவும் பணியாற்றினார். பண்டிதமணி 1953இல் மறைந்தார். காரைக்குடியில் மாணிக்கனார் தம் இல்லத்துக்கு இட்ட பெயர் கதிரகம்.