வெள்ளியும் நுண்ணுயிர்க்கொல்லியும்: கிண்டி ஆய்வின் வரலாற்று இடம்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத் தாவரவியல் உயராய்வு மையத்தினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, நானோ துகள் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. டிரைக்கோடெர்மா விரிடி என்னும் பூஞ்சையின் துணையால் அவர்கள் உருவாக்கிய வெள்ளித் துகள்கள் 5 முதல் 40 நானோமீட்டர் வரை அளவுடையவை. அவற்றை அம்பிசிலின், கானாமைசின், எரித்ரோமைசின், குளோரம்பெனிகால் ஆகியவற்றுடன் இணைத்துச் சோதித்தபோது மருந்துகளின் ஆற்றல் மிகுந்தது. அம்பிசிலினே முதலிடம் பெற்றது. அம்மருந்து பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைத் தடுப்பது. வெள்ளியோ செல்சவ்வைச் சிதைக்கவல்லது.

இவ்விணைப்பு எண்ணம் நானோ தொழில்நுட்பத்தோடு பிறந்ததன்று. 1968இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஃபாக்ஸ், வெள்ளியையும் சல்ஃபா மருந்தொன்றையும் சேர்த்து வெள்ளி சல்ஃபாடையசினைத் தீப்புண் மருத்துவத்திற்கு அறிமுகப்படுத்தினார். மருத்துவமனைகளில் இன்றும் தடவப்படும் வெண்களிம்பு அதுவே.

வெள்ளிக்கும் எதிர்ப்பு எழுந்தது என்பதே இவ்வரலாற்றில் எளிதில் மறக்கப்படும் பகுதி. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைத் தீப்புண் பிரிவில் வெள்ளி நைட்ரேட்டுக்கு அடங்காத சால்மோனெல்லா தோன்றியதை 1975இல் மெக்ஹியூ குழுவினர் பதிவுசெய்தனர். அது அம்பிசிலினையும் குளோரம்பெனிகாலையும் சேர்த்தே தாங்கியது. கிண்டியில் வெள்ளியுடன் இணைக்கப்பட்ட நான்கில் இரண்டு இவையே! வெள்ளியைத் தாங்கும் மரபணுக்கள் அப்பாக்டீரியாவின் பிளாஸ்மிடில் அமைந்திருந்தமை 1999இல் தெளிவாயிற்று. பிளாஸ்மிடுகள் பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவுக்குத் தாவக்கூடியவை. ஆகவே, இரு ஆயுதங்களை ஒருசேர எதிர்க்கப் பாக்டீரியாவால் இயலாது என்னும் வாதத்தை அப்படியே ஏற்பதற்கில்லை.

அதே 2010இல் அதே பல்கலைக்கழகத்தின் தரமணி மருத்துவ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி முதன்மை ஆசிரியராக அமைந்த கட்டுரை, கார்பாபெனம் மருந்துகளையும் சிதைக்கும் என்டிஎம்-1 நொதியின் பரவலைச் சென்னை மாதிரிகள் கொண்டும் நிறுவியது. சில கிலோமீட்டர் இடைவெளியில் நோயின் தீவிரமும் தீர்வுக்கான தேடலும் ஒரே ஆண்டில் பதிவாயின எனலாம்.

தேடலின் இன்னொரு வழி ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்பகுதியைத் தொடுகிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஆலை கொண்டுள்ள சென்னையின் ஆர்க்கிட் நிறுவனம் கண்டறிந்த என்மெட்டாசோபாக்டம், செஃபிபைமுடன் இணைந்து, மனிதச் சோதனைகளைக் கடந்து, 2024 பிப்ரவரியில் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. இங்கும் இணைப்பே உத்தி. ஆனால் மருந்தைச் சிதைக்கும் நொதியை முடக்கும் துணைப்பொருளே இதில் வெள்ளியின் இடத்தில் நிற்கிறது.