முறக்காது

எங்கள் வகுப்பில் ஒருத்தனுக்கு ‘முறம்’ என்று பெயர். அசல் பெயரை வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மட்டும்தான் கேட்போம். ஆடிக்காற்று அடித்தால் “டேய், பறந்துடாதடா” என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வரும். அந்தக் குரல்களில் என்னுடையதும் ஒன்று. அவனும் சேர்ந்து சிரிப்பான். எட்டாம் வகுப்பில் காது மறைகிற அளவுக்கு முடி வளர்த்தான், அதற்கு பி.டி. மாஸ்டரிடம் அடியும் வாங்கினான். சிரிக்கிறவன் எதற்கு முடி வளர்க்கிறான் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

ரொம்ப நாள் கழித்து, காதைத் திருத்தும் அறுவை சிகிச்சையின் வரலாற்றைப் படிக்கப் போனால், முதல் பக்கத்திலேயே இவனைப் போல ஒரு பையன் நிற்கிறான். 1881இல் நியூயார்க்கில் எட்வர்ட் டால்பட் ஈலி என்ற மருத்துவர், 12 வயதுச் சிறுவனின் விரிந்த காதுகளை ஒவ்வொன்றாக அறுத்துத் தைத்தார். நோய் ஒன்றும் இல்லை. கூட இருக்கிற பிள்ளைகளின் கேலிதான் காரணம். விரிந்த காதை அழகுக்காகத் திருத்திய முதல் பதிவு என்று இதைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள்.

அதற்கு முன்னால் யாரும் காதைத் தைக்கவில்லை என்றில்லை. கிழிந்த காது மடலை ஒட்ட சுஸ்ருதர் 15 முறைகள் சொல்கிறார். நம் தென் மாவட்டங்களில் பாம்படமும் தண்டட்டியும் போட்டுத் தோள்வரை வடித்த காதை, காலம் மாறி அது ‘பட்டிக்காடு’ என்று ஆனதும், அறுத்துத் தைத்துக்கொண்ட பெண்கள் உண்டு. (எந்தக் காது அழகு என்பதை எப்போதும் பக்கத்து வீடுதான் முடிவு செய்கிறது.) ஆனால், பிறந்தபடியே முழுசாக இருக்கும் ஒரு குழந்தையின் காதில் டாக்டர் கத்தி வைக்கலாமா? இந்தக் கேள்விக்கு ஒருவர் தன் வேலையையே விலையாகக் கொடுத்தார்.

1896, பெர்லின். ஜாக் ஜோசப்புக்கு முப்பது வயதைத் தாண்டியிருந்தது. யூலியஸ் வோல்ஃப் நடத்திய எலும்பு மருத்துவ நிலையத்தில் உதவி மருத்துவர். சுமக்கும் பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும் என்று சொன்ன அதே வோல்ஃப். ஒரு தாய் தன் மகனை ஜோசப்பிடம் அழைத்து வந்தாள். காதைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள், பள்ளிக்கூடமே போக மாட்டேன் என்கிறான் என்றாள். ஜோசப் அறுவை செய்தார், நன்றாக வந்தது. பெர்லின் மருத்துவச் சங்கத்தில் அதைப் பற்றி எடுத்தும் சொன்னார். வோல்ஃப் அவரை வேலையை விட்டு அனுப்பினார். வெறும் அழகு ஆசைக்காக அறுவை செய்வது மருத்துவம் ஆகாது என்பது பெரியவரின் கட்சி.

வோல்ஃபை வில்லனாக்குவது சுலபம். அன்றைக்கு மயக்க மருந்தே ஆபத்து. கிருமியை அடக்க ஆண்டிபயாடிக் வரவில்லை. நோயில்லாத பிள்ளையை மேசையில் படுக்க வைப்பதற்கு எந்த மூத்த மருத்துவரும் தயங்கியிருப்பார். ஆனால் ஜோசப் கண்ட ஒன்றை அவர் காணவில்லை. அந்தப் பையன் அழகனாக ஆசைப்படவில்லை. யார் கண்ணிலும் படாமல் கூட்டத்தில் ஒருத்தனாக இருக்க ஆசைப்பட்டான். அது வேறு ஆசை.

கேலியும் பள்ளிக்கூடத்தோடு நிற்கவில்லை. இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோஸோ 1876இல் வெளியிட்ட நூலில், பிறவிக் குற்றவாளியின் அடையாளங்களில் விரிந்த காதையும் சேர்த்திருந்தார். உடம்பைப் பார்த்து ஆளை எடைபோடுவது அந்தக் காலத்தில் விஞ்ஞானம். ஜோசப் யூதர், யூத உடம்பைக் கோணலாக வரைந்து சிரித்த கேலிச்சித்திரங்கள் புழங்கிய ஊரில் வாழ்ந்தவர். 1898இல் மூக்கைச் சிறிதாக்கும் அறுவையைச் செய்தார், பிறகு முதல் உலகப்போரில் சிதைந்த முகங்களைச் சீராக்கினார். மூக்கு அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. காது மறந்துபோனது. 1934இல், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த மறுவருஷம், பெர்லினில் இறந்தார்.

தொழில்நுட்பக் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். தோலை மட்டும் வெட்டி இழுத்துத் தைத்தால், குருத்தெலும்பு ஸ்பிரிங் மாதிரி பழைய இடத்துக்கே வரப் பார்க்கும். காதின் உள்மடிப்பு சரியாக உருவாகாததுதான் விரிவுக்குக் காரணம் என்று 1910இல் லக்கெட் கண்டுகொண்டார். அந்த மடிப்பைக் குருத்தெலும்பை வெட்டாமலே தையலால் உண்டாக்கும் வழியை முஸ்டார்டே 1963இல் எழுதினார். நடுக்குழி ஆழமாக இருப்பவர்களுக்கு அதைத் தலையெலும்போடு சேர்த்துத் தைக்கும் முறை 1968இல் ஃபர்னஸிடமிருந்து வந்தது. இன்றைக்கும் பல டாக்டர்கள் இவற்றைத்தான் கலந்து செய்கிறார்கள்.

போன வருஷம் ‘முறம்’ போன் செய்தான். ஆறு வயது மகளுக்கு அவனுடைய காது.

“நீ இதப் பத்தியெல்லாம் படிச்சிருக்கியாமே, சொல்லுடா.”

நான் டாக்டர் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். ஐந்து ஆறு வயதுக்குள் காது பெரியவர்கள் அளவை நெருங்கிவிடும், அதனால் அதற்குப் பிறகு செய்யலாம். கேட்கும் திறன் கூடாது, குறையாது. குழந்தை என்றால் முழு மயக்கம். தழும்பு காதுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். முதலில் தலைக்கட்டு, பிறகு சில வாரம் ராத்திரியில் பட்டை போட்டுப் படுக்கணும். ஒரு பக்கம் மட்டும் வலி ஏறிக்கொண்டே போனால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம்; காலையில் பார்க்கலாம் என்று விடாமல் உடனே ஓடணும். குருத்தெலும்பில் சீழ் பிடித்தால் காதின் வடிவமே கெடும். இரண்டு காதும் அச்சு அசலாக ஒன்றுபோல வராது, சிலருக்கு மறுபடி விரியும். நம்மைப் போன்ற தோலுக்குக் கெலாய்டு தடிப்பு கொஞ்சம் சுலபமாக வரும். காது குத்தின இடத்தில் வீட்டில் யாருக்காவது அப்படித் தடித்திருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லு. அழகு சிகிச்சை என்று இன்சூரன்ஸ் பெரும்பாலும் காசு தராது. வோல்ஃப் இன்னும் அந்தப் படிவங்களில் உட்கார்ந்திருக்கிறார்.

“கைக்குழந்தையா இருந்தப்பவே ஏதாவது பண்ணியிருக்கலாமா?”

பண்ணியிருக்கலாம். பிறந்த முதல் சில வாரங்களில், தாயிடமிருந்து வந்த ஈஸ்ட்ரோஜனால் குருத்தெலும்பு இளக்கமாக இருக்கும். அச்சு வைத்துக் கட்டினால் பல குழந்தைகளுக்குக் கத்தியே வேண்டியிருக்காது. அதை இப்போது சொல்லி என்ன செய்ய.

பிறகு, எனக்கே கேட்கக் கூச்சமாக இருந்த ஒன்றைக் கேட்டேன். “பாப்பா கேட்டாளா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “இல்லடா. ஸ்கூல்ல யாரும் ஒண்ணும் சொல்லலயாம். நாந்தான்…”

அவள் வந்து கேட்கிறவரை பொறு, பெரியவர்களுக்கும் இதைச் செய்கிறார்கள் என்றேன். மறத்துப்போக ஊசி போட்டாலே அநேகம் பேருக்குப் போதும். பழைய பேச்சை நானும் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. வைக்கும்போது போட்டோ அனுப்புகிறேன் என்றான். அனுப்பினான். இரட்டைச் சடை போட்டு, இரண்டு காதும் வெளியே தெரிய, ஸ்கூல் வேன் பக்கத்தில் நிற்கிறாள்.